வேகன்ஆர் விஎக்ஸ்ஐ: 33 ஆயிரம் மிச்சம் பிடித்த கதை

2019 மார்ச்சில் எடுத்த வண்டி. இன்று ஓடோமீட்டரில் 84 ஆயிரம் கிலோமீட்டர். மாருதியின் வேகன்ஆர் கார், 1.2 லிட்டர் என்ஜின், விஎக்ஸ்ஐ என்ற நடுத்தர வகை, கையால் கியர் மாற்றும் வண்டி. எங்கள் வீடு பொள்ளாச்சியில், மாமனார் வீடு வால்பாறையில். மாதம் இரண்டு தடவையாவது அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கியாக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமவெளியில் மட்டும் ஓட்டுபவருக்கு நான் சொல்லப்போவதில் பாதி தேவைப்படாது.

அந்த ஜனவரியில் புது மாடல் வந்தபோது டெல்லி எக்ஸ் ஷோரூம் விலை (ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் சேராதது) இது: அடிப்படை வகையான எல்எக்ஸ்ஐ 4.19 லட்சம், விஎக்ஸ்ஐ 1 லிட்டர் 4.69, விஎக்ஸ்ஐ 1.2 லிட்டர் 4.89, அப்போதைய உயர்ந்த வகையான இசட்எக்ஸ்ஐ 5.22. எல்எக்ஸ்ஐயில் மூன்று சிலிண்டர் 1 லிட்டர் என்ஜின் மட்டும்தான். இசட்எக்ஸ்ஐயில் நான்கு சிலிண்டர் 1.2 மட்டும்தான். விஎக்ஸ்ஐயில் மட்டும் இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். 20 ஆயிரம் கூடக் கொடுத்து 1.2 எடுத்தேன். அதில் இன்றுவரை எனக்குக் குறையே இல்லை. ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, ஏசியும் ஓடுகிறது. ஆழியார் தாண்டி ஏறும்போது இரண்டாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. மலையில் லிட்டருக்கு 14, கோவை ரோட்டில் 19 கிடைக்கிறது.

கோட்டை விட்டது அடுத்த படியில். விஎக்ஸ்ஐ 1.2க்கும் இசட்எக்ஸ்ஐக்கும் 33 ஆயிரம் வித்தியாசம். ரோடு டாக்ஸ், இன்ஷூரன்ஸ் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு என்ன தருகிறார்கள் என்று ஷோரூமில் கேட்டேன். விற்பனையாளர் தம்பி நேராக 7 இன்ச் டச் ஸ்கிரீனைக் காட்டினார். பாட்டுக் கேட்க 33 ஆயிரமா, வெளியில் போட்டால் பாதி விலை என்று கணக்குப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். இசட்எக்ஸ்ஐயில் கூடுதலாகத் தரும் அதே பட்டியலில் பின்பக்கக் கண்ணாடிக்கு வைப்பரும், படியும் ஆவியைச் சூட்டில் போக்கும் டீஃபாகரும் இருந்தன. அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் ஆடி மாதமே பாடம் நடந்தது. பின்பக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும் இந்த மாதிரி வண்டிகளில் சக்கரம் கிளப்பும் சேறெல்லாம் கண்ணாடியில்தான் அப்பும். உள்ளே நாங்கள் விடும் மூச்சு வேறு ஆவியாகப் படியும். அட்டகட்டி தாண்டினால் மூடுபனி. உள் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைத் துணி கட்டியதுபோல ஒன்றுமே தெரியாது; பின்னால் பஸ் வருகிறதா என்பதை ஹாரன் சத்தத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டீக்கடையில் நிறுத்தி பழைய வேட்டித் துணியால் துடைப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள்: "ஏனுங்க, அந்த 33 ஆயிரத்துல இந்தத் துணியும் சேர்த்திங்களா?"

பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எலக்ட்ரீஷியனிடம் போனேன். என் வண்டிக் கண்ணாடியில் வைப்பருக்கு ஓட்டையும் இல்லை, டீஃபாகருக்குச் சூட்டுக் கம்பியும் இல்லை. கண்ணாடியை மாற்றி, மோட்டார் வைத்து, தண்ணீர்க் குழாய் இழுத்து, ஸ்விட்ச் வரை வயர் ஓட்ட வேண்டும். "விடுங்கண்ணா, செலவுக்கும் கட்டாது, நாளைக்குத் தண்ணி இறங்கினா என்னைத் திட்டுவீங்க" என்றார். நேர்மையான மனிதர்.

வெளியில் போட முடிந்ததை எல்லாம் போட்டேன், அதையும் சொல்ல வேண்டும். டச் ஸ்கிரீனும் கேமராவும் 15 ஆயிரம், ஃபாக் லைட் 4 ஆயிரம். ஸ்கிரீன் மாட்டிய கடையில் சாக்கெட் வாங்காமல் வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிட்டார்கள். எட்டு மாதத்தில் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. அதைச் சரி செய்ய இன்னொரு 3 ஆயிரம். மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

பயணியர் பக்க ஏர்பேக் அப்போது எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ இரண்டிலும் கூடுதல் பணம் கொடுத்தால்தான். நல்லவேளை, அதை மட்டும் மாமனார் சொன்னதால் வாங்கினேன். 2021 இறுதியோடு அரசே அதைக் கட்டாயமாக்கிவிட்டதால் இன்றைக்கு வாங்குபவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

போன வாரம் மச்சான் வந்திருந்தான். திருப்பூரில் வேலை, டவுனுக்குள்தான் ஓட்டம். 2022ல் இசட்எக்ஸ்ஐக்கும் மேலே வந்த இசட்எக்ஸ்ஐ பிளஸ் எடுக்கலாமா, அலாய் வீலும் இரட்டைக் கலரும் பிடித்திருக்கிறது என்றான். அலாய் வீல் எந்த டயர் கடையிலும் கிடைக்கும், உனக்கு விஎக்ஸ்ஐயே போதும் என்றேன். தலையாட்டிவிட்டு, "வால்பாறைக்குக் கல்யாணத்துக்கு வரும்போது?" என்றான். வேட்டித் துணி என்னிடம் இருக்கிறது என்றேன்.