அரிவாள் செல் நோய்: காஸ்ஜெவியா, லிஃப்ஜீனியாவா?

அரிவாள் செல் நோய் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்த நோய். அதற்கான காஸ்ஜெவி, லிஃப்ஜீனியா என்ற இரண்டு மரபணு சிகிச்சைகளுக்கும் அமெரிக்காவில் ஒரே நாளில், 2023 டிசம்பர் 8 அன்று, அனுமதி கிடைத்தது. இரண்டிலும் நோயாளியின் சொந்த ரத்த மூலச் செல்களையே எடுத்து, மாற்றி, திரும்பச் செலுத்துகிறார்கள்.

காஸ்ஜெவி, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில், பிசிஎல்11ஏ மரபணுவின் ஒரு சிறு பகுதியை வெட்டுகிறது. பிறந்த பிறகு கருக்கால ஹீமோகுளோபினை அடக்கி வைப்பது அந்த மரபணுதான். அதன் பிடி தளர்ந்ததும் அந்தக் கருக்கால ஹீமோகுளோபின் மறுபடி உருவாகிறது. சிவப்பணுக்கள் அரிவாளாக வளைவது குறைகிறது.

லிஃப்ஜீனியா எதையும் வெட்டுவதில்லை. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டு சேர்க்கும் லென்டிவைரஸ் என்ற வைரஸ் மூலம், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவின் திருத்திய வடிவத்தைச் சேர்க்கிறது. ரத்தப் புற்றுநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கை (மருந்துக் குறிப்பில் தரப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை) இதற்குத்தான் உண்டு. அதனால் என் மனம் காஸ்ஜெவி பக்கமே சாய்கிறது.

சரி, கஷ்டம்? மாற்றிய செல்களுக்கு இடம் தர எலும்பு மஜ்ஜையைக் காலி செய்யும் புசல்ஃபான் என்ற கீமோ மருந்து இரண்டிலும் உண்டு. குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம் என்பதை இளம் நோயாளிகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.