உரைகல்லா, டச் மெஷினா? பூர்வீகம் தெரியாத நகைக்கு எது சரி

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு சங்கிலி கிடைக்கிறது. எங்கே வாங்கியது, எத்தனை காரட், சொல்ல ஆளில்லை. (தெருவில் கண்டெடுத்ததென்றால் முதலில் காவல் நிலையம்.) வண்ணாரப்பேட்டை அடகுக்கடையில் உரைகல்லில் தேய்ப்பார்கள். சவுகார்பேட்டை மின்ட் தெருப் பக்கம் டச் மெஷினில் (எக்ஸ்ரே கதிரால் தங்கத்தின் தூய்மையை, அதாவது டச்சை, அளக்கும் கருவி) வைத்துச் சீட்டு தருவார்கள். என் ஓட்டு டச் மெஷினுக்கு.

எதற்கும் முன்னால் பத்து மடங்கு லென்ஸில் முத்திரையைப் பாருங்கள். 916 (ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்) என்றால் 22 காரட், 750 என்றால் 18, 875 என்றால் 21. கடைசி எண் வளைகுடா நகைகளில் அதிகம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முக்கோணத்தோடு ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது ஆண்டுக் குறி: ஏ 2000, பி 2001. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி (நகைக்கு நகை மாறும் அடையாளக் குறி) இருந்தால் அந்த முத்திரை 2021 ஜூலை முதல் வந்தது. பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தூய்மையும் பொருள் வகையும் வரும். கையில் சங்கிலி, செயலியில் மோதிரம் என்றால் முத்திரை வேறு நகையிலிருந்து வந்தது. கொக்கியில் மட்டும் முத்திரை இருந்தாலும் நம்ப வேண்டாம். அறுந்த கொக்கியை மாற்றுவது சர்வசாதாரணம். கேடிஎம் என்பது கேட்மியம் கலந்து பற்றவைத்ததைச் சொல்வது, தூய்மைக் குறியே அல்ல.

உரைகல் வேகமானது, செலவும் இல்லை. கவரிங்கை உடனே பிடித்துவிடும்: தேய்த்த கோட்டில் நைட்ரிக் ஆசிட் வைத்தால் பித்தளைக் கோடு கரைந்துபோகும். ஆனால் 18, 22 இரண்டுமே அந்த ஆசிடுக்கு அசையாது. அவற்றைப் பிரிக்க ராஜ திராவகக் கலவையும் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சேர்ந்தது), பக்கத்தில் தூய்மை தெரிந்த தங்கக் கோடும் வேண்டும். செம்பு கூடினால் சிவப்பு, வெள்ளி கூடினால் வெளிர் மஞ்சள். ஒரே காரட்டே இரு நிறத்தில் தெரியும். அனுபவசாலிக் கண்ணும் அங்கே சறுக்கும்.

டச் மெஷினை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: பொடி. பழைய சங்கிலிகளில் கண்ணிகளைப் பற்றவைத்த பொடியில் செம்பும் வெள்ளியும் அதிகம். கண்ணி 916 காட்டும், உருக்கினால் குறையும். கணக்குக்கு, 40 கிராமில் 4 கிராம் பொடி, அதன் தூய்மை 700 என்றால் மொத்தம் 894தான். உரைகல்லில் தேய்ப்பது பெரும்பாலும் ஒரே இடம், அதுவும் வழவழப்பான உடல் பகுதி. மெஷினில் உடல், இணைப்பு, கொக்கி என மூன்று இடத்தில் தனித்தனியாக எடுக்கச் சொல்லலாம். தங்கம் போக மீதி என்ன என்பதும் சீட்டில் வரும். இணைப்பில் கேட்மியம் தெரிந்தால் அது கேடிஎம் வேலை, அதாவது சுமார் 92 பங்கு தங்கம், 8 பங்கு கேட்மியம் உள்ள பொடி; உருக்கும்போது டச் பெரிதாக இறங்காது. ஆனால் அந்தப் புகை ஆச்சாரியின் நுரையீரலைக் கெடுக்கும், அதனால்தான் ஹால்மார்க்கில் அதற்கு இடமில்லை. கண்ணி மிகச் சிறிதாக இருந்தால் கதிர் உடலையும் இணைப்பையும் சேர்த்தே படிக்கும். அந்த எண்ணைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மெஷினுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. மேலே சில மைக்ரான் ஆழம்தான் அதற்குத் தெரியும். கனமாக முலாம் பூசியிருந்தால் ஏமாறும். கண்ணுக்குப் படாத இடத்தில் லேசாக அரம் போட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

அரம் போட மனமில்லையா? 0.01 கிராம் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். நகையை நூலில் கட்டி, அடி தொடாமல், குமிழி இல்லாமல் முக்குங்கள். எட்டு கிராம் 22 காரட் சுமார் 0.45 கிராம் காட்டும், அதே எடைப் பித்தளை 0.94. கல் பதித்ததற்கும் அரக்கு நிரப்பியதற்கும் இது உதவாது.

விற்கத்தான் போகிறீர்கள் என்றால், கண்ணெதிரே உருக்கி, அந்தக் கட்டியை இன்னொரு முறை டச் பார்க்கச் சொல்லுங்கள். விலை அந்த எண்ணுக்குத்தான்.