முதல் தலைமுறை எம்எக்ஸ்-5: டீலர் கைமாற்றிய வண்டியை ஓட்டிப் பார்த்தால்

மடக்குக் கூரையுள்ள இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் முதல் தலைமுறை (1989–1997) வண்டியை டீலரிடம் வாங்கியவர்கள் முதலில் புலம்புவது விலையைப் பற்றித்தான். ஆர்வலர் ஒருவரிடம் மலிவாக வாங்கி, கழுவித் துடைத்து, கொள்ளை லாபத்துக்குத் தள்ளிவிட்டார்களாம். லாபம் வைத்து விற்பது அவர்கள் தொழில், அதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த லாபத்துக்கு வண்டியில் என்ன வேலை பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் ஒன்றிரண்டு மழைக்காலம் போனபின் தானாகவே வெளியே வரும்.

முதலில் வருவது துரு. மடக்குக் கூரையில் விழும் மழைநீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகால் குழாய்கள் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்ட வேண்டும். குப்பை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியில் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் தெரியும்போது உள்தகடு ஏற்கெனவே போயிருக்கும். தகட்டை வெட்டி வெல்டிங் செய்வது பெரிய செலவு. பட்டி பூசி, மேலே கறுப்பு அண்டர்கோட்டிங் (வண்டியின் அடிப்பகுதிக்கான துரு தடுப்புப் பூச்சு) அடிப்பது அரை நாள் வேலை. சில் ஓரத்தில் மட்டும் பளிச்சென்று புது அண்டர்கோட்டிங் இருந்தால் சந்தேகப்படுங்கள். மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தை அங்கே வைத்தால், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடிக்காது. வடிகாலில் மெதுவாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே கீழே கொட்டாவிட்டால் அடைப்பு.

அடுத்தது டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கும் பெல்ட். 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 1.6 லிட்டர் இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில்தான் பலர் மாற்றாமலே விற்கிறார்கள். “பெல்ட் மாத்தியாச்சு” என்று வாயால் சொன்னால் போதாது. வாட்டர் பம்ப், ஆயில் சீல்களோடு சேர்த்து மாற்றிய பில், அதில் அன்றைய ஓடோமீட்டர் அளவு, இரண்டும் வேண்டும்.

ஆயில் பிரஷர் மீட்டரைக் காட்டி “எவ்ளோ ஸ்டெடியா நிக்குது பாருங்க” என்பார்கள். 1995 மாடலிலிருந்து அந்த முள் வெறும் சுவிட்ச் போலத்தான் வேலை செய்கிறது. குறைந்தபட்ச அழுத்தம் இருந்தாலே நடுவில் போய் நின்றுவிடும். அடுத்து, கிளட்ச் பெடலை மிதிக்கும்போது திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கசிவு.

இவையெல்லாம் காசு செலவழித்தால் சரியாகும். மன்னிக்க முடியாதது ஆர்வலரிடம் வாங்கும்போது டீலர் சொல்லும் பொய். “சொந்த உபயோகத்துக்குத்தான், நல்லா பாத்துக்குவேன்” என்று சொன்னதை நம்பி ஆர்வலர் விலையைக் குறைக்கிறார், பல வருட பில் ஃபைலையும் கொடுத்து அனுப்புகிறார். பிறகு ஹார்ட்டாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை), அசல் வீல்கள், டூல் கிட் தனித்தனியாக விலை போகின்றன. வண்டியில் மலிவான வீல் ஏறுகிறது. முந்தைய பழுதுகள் எழுதியிருப்பதால் அந்த ஃபைல் மட்டும் “தொலைந்து” போகிறது.

டீலரிடம் வண்டி பார்க்கும்போது கதவுகளுக்குப் பின்னால் பாடியில் ஹார்ட்டாப் பூட்டும் ஸ்ட்ரைக்கர் தகடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தகடு இருந்து டாப் இல்லையென்றால், அது எங்கே போனது என்று கேளுங்கள். முந்தைய உரிமையாளரிடம் பேச முடியுமா என்றும் கேளுங்கள். நேர்மையான டீலர் இரண்டுக்கும் மழுப்பாமல் பதில் சொல்வார்.