சர்வர் பூட் ஆகவில்லையா? ‘டிஸ்க் போச்சு’ என்றதும் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

வருடாந்திர பராமரிப்புக்கு எங்களிடம் பணம் வாங்கும் சர்வீஸ்காரர்களே எங்கள் தலையில் மிளகாய் அரைக்கப் பார்த்தார்கள். லினக்ஸ் சர்வர் வைத்திருக்கும் சின்ன அலுவலகங்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து சர்வர் அணைந்துவிட்டது. கரண்ட் வந்து ஆன் செய்தால் அதில் இருக்கும் சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ் ரொம்ப நேரம் அப்படியே நின்று, ‘சென்ட்ஓஎஸ்-ரூட்’ என்ற வால்யூம் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி) இல்லை என்று சொல்லி, பூட் பாதியில் நின்றால் கட்டளை அடிக்க வரும் டிராகட் எமர்ஜென்சி ஷெல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. சர்வீஸிலிருந்து வந்தவர் கீபோர்டைத் தொடவே இல்லை. திரையைப் பார்த்ததுமே, “ஹார்டு டிஸ்க் போச்சு சார், லேபுக்கு அனுப்பித்தான் டேட்டா எடுக்கணும், 60,000 ஆகும், இல்லைன்னா ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுத் தர்றேன்” என்றார். ஜிஎஸ்டி கணக்கு, ஸ்டாக், சம்பளப் பட்டியல் எல்லாம் அதில்தான் இருக்கிறது, இதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் பாருங்கள்!

டிஸ்கைக் கழற்ற விடவில்லை. அவர் போனதும் அதே ஷெல்லில் ‘எல்விஎம் எல்விஸ்கேன்’ என்று அடித்துப் பார்த்தேன் (டிஸ்கை வால்யூம்களாகப் பிரித்து நிர்வகிக்கும் லினக்ஸ் வசதிதான் எல்விஎம், எல்விஸ்கேன் அவற்றைப் பட்டியலிடும்). ரூட், ஸ்வாப், ஹோம் மூன்று வால்யூமும் பத்திரமாக இருந்தன, ஆனால் இன்ஆக்டிவ், அதாவது இயக்கப்படாமல். அவை சேர்ந்திருக்கும் வால்யூம் குரூப்பின் பெயர்தான் வேறாக இருந்தது. ‘ப்ராக்’ டைரக்டரியில் உள்ள ‘சிஎம்டிலைன்’ ஃபைலைத் (பூட் ஆகும்போது கொடுத்த கட்டளை இதில் இருக்கும்) திறந்தால், லினக்ஸின் மையமான கர்னல் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது. சரி, ரீபூட் செய்து, லினக்ஸைத் தொடங்கி வைக்கும் கிரப்பின் மெனுவில் ‘இ’ அழுத்தி, ‘ரூட்=’ என்ற இடத்திலும் ‘ஆர்டி.எல்விஎம்.எல்வி=’ வருகிற இடங்களிலும் புதுப் பெயரைப் போட்டு கன்ட்ரோல்-எக்ஸ் கொடுத்தேன், சர்வர் எழுந்துவிட்டது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் சோதனையிலும் டிஸ்கில் குறை எதுவும் தெரியவில்லை. அப்புறம் கிரப் கான்ஃபிகில் பெயரை நிரந்தரமாக மாற்றி, பூட்டின் ஆரம்பத்தில் பயன்படும் இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதிதாக உருவாக்கிக்கொண்டேன்.

பெயரை மாற்றியது யார்? எல்விஎம் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும். ‘இடிசி’க்குள் ‘எல்விஎம்’, அதற்குள் ‘ஆர்க்கைவ்’ என்று ஒரு டைரக்டரி உண்டு. அங்கிருந்த ஃபைலில், ‘விஜிரீநேம்’ கட்டளைக்கு முன் எடுத்த நகல் என்ற குறிப்பும் தேதியும் நேரமும் அப்படியே இருந்தன. ஹோமுக்கு இடம் கூட்டித் தருகிறோம் என்று இதே ஆட்கள் வந்துபோன அதே நாள்! எந்த வால்யூம் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டாப் ஃபைலில் பெயரை மாற்றியிருக்கிறார்கள், கிரப்பை விட்டுவிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இது வெளியே தெரியாது, அடுத்த ரீபூட்டில்தான் மாட்டும்.

டிஸ்க் உண்மையிலேயே போவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எல்விஸ்கேனில் வால்யூம்கள் வரிசையாக வருகிறது என்றால் ஃபார்மட் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். வால்யூம் எதுவுமே தெரியாவிட்டாலும், யாரையும் எதையும் எழுத விடுவதற்கு முன் முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்குக்கு நகல் எடுக்கச் சொல்லுங்கள். வேலை செய்ய வருகிறவர் என்னென்ன மாற்றினார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், முடிந்ததும் உங்கள் கண் முன்னால் ஒரு தடவை ரீபூட் செய்து காட்டாமல் பில்லை பாஸ் பண்ணாதீர்கள்.

அந்த ஆர்க்கைவ் ஃபைலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த சர்வீஸ்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறோம். இதுவரை பதில் இல்லை, விசிட் சார்ஜ் பில் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது.