பிரியாணி வேண்டாம், கடாய் சொல்லுங்கள்

சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் போகிற வழியில் திறந்திருக்கும் பாகிஸ்தான் வகை உணவகத்தைப் பற்றி நம் ஊரில் யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது ஒரே புகார்தான்: பிரியாணி சரியில்லை. சுமார்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடைக்குப் போய்ப் பிரியாணி மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவது, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்குகிற மாதிரி.

அங்கே சாப்பிட வேண்டியது கடாய். நம் ஊர் நார்த் இண்டியன் கடைகளில் குடைமிளகாயும் வெங்காயமும் சிவப்புக் குழம்புமாக வருமே, அது இல்லை. இது பெஷாவர் பக்கத்து முறை, வெங்காயமே கிடையாது, மசாலாப் பொடிகளும் கிடையாது என்றே சொல்லலாம். கறி, தக்காளி, பச்சை மிளகாய், இஞ்சி, உப்பு, மிளகு, அவ்வளவுதான். சமையல்கட்டுக்கு முன்னால் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், நின்று பார்க்கலாம். எலும்போடு சின்னச் சின்னதாக வெட்டிய கோழியை எண்ணெயில் பெருந்தீயில் வதக்கி, பாதியாக அறுத்த தக்காளியை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி மேலே கவிழ்த்து அடுக்கி மூடி வைக்கிறார் மாஸ்டர். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் தக்காளித் தோல் சுருங்கிக் கழன்று நிற்கிறது. அதை இடுக்கியால் ஒவ்வொன்றாக உரித்துத் தூக்கிப் போட்டுவிட்டு, பழத்தைக் கரண்டியால் மசித்துக் கறியோடு சேர்த்துப் பிரட்டுகிறார். சொட்டுத் தண்ணீர் ஊற்றுவதில்லை. எண்ணெய் பிரிந்து ஓரத்துக்கு வந்ததும் அந்த இரும்புச் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் மரப்பலகை மேல் வைத்துவிடுகிறார்கள், கொதி அடங்காமல். புளிப்பும் மிளகுக் காரமும்தான் முன்னால் நிற்கும், கறியின் ருசியை எதுவும் மறைக்காது.

எடைக் கணக்கில்தான் விலை. சிக்கன் அரைக் கிலோ 480, ஒரு கிலோ 900, மட்டன் கிலோ 1,700. ஒரு கிலோ என்றால் நான்கைந்து பேர் தாராளமாகச் சாப்பிடலாம், அப்படிப் பார்த்தால் ஆளுக்கு ஒரு பிரியாணி வாங்குகிற காசுதான். ஆர்டர் கொடுத்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள் என்பதால் நேரமாகும். பரிமாறுகிற தம்பி முதலிலேயே சொல்லிவிடுகிறார்: "அண்ணா, கடாய்க்கு அரை மணி நேரம் ஆகும்ங்க, அதுக்குள்ள கபாப் கொண்டு வரட்டுங்களா?" கொண்டு வரச் சொல்லுங்கள். சப்ளி கபாப் என்று உள்ளங்கையைவிடப் பெரிதாக, தட்டையாக, ஓரமெல்லாம் மொறுமொறுவென்று இருக்கும். கொத்துக்கறியில் ஒன்றிரண்டாக இடித்த மல்லி விதையும் காய்ந்த மாதுளை முத்தும் சேர்த்து, மேலே ஒரு தக்காளி வட்டத்தை அழுத்திப் பொரிக்கிறார்கள். பெஷாவரில் மாட்டுக்கறியில் செய்வது, இங்கே மட்டன். கடிக்கும்போது அந்த மாதுளை முத்து புளிப்பாக நறுக்கென்று உடைவது நன்றாக இருக்கிறது. தொட்டுக்கொள்ள வருகிற புதினாத் தயிர்தான் நீர்த்துப்போய் இருந்தது.

நாணில் எள் தூவிய ரோக்னி நாண் கேளுங்கள். தந்தூர் அடுப்பில் நிற்பவர்கள் எல்லாம் நம் ஊர்ப் பையன்கள்தான். கடைக்காரர் ஷார்ஜாவில் ஒரு பாகிஸ்தானியர் கடைச் சமையல்கட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், இவர்களைப் பழக்கி எடுத்ததும் அவர்தானாம். அங்கே இந்த மாதிரிக் கடைகளில் பெருங்கூட்டம் பிள்ளைகுட்டிகளோடுதான் இருக்கும், அதையே இங்கேயும் கொண்டு வரப் பார்த்தேன் என்றார்.

அது நடந்திருக்கிறது. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே போனால் கல்யாண மண்டபப் பந்தி தோற்றுவிடும், அத்தனை சத்தம். பத்துப் பன்னிரண்டு பேராக வந்து மேஜைகளை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பக்கம் பிறந்தநாள் கேக், இன்னொரு பக்கம் தந்தூர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒரு வரிசைக் குழந்தைகள். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஓரத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுத் திண்டு வைத்திருக்கிறார்கள், சிறுசுகள் அதற்குத்தான் ஓடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சரிப்படாது. என் அம்மா ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எனக்கு நாற்காலியே போதும்டா" என்று இறங்கிவிட்டார். உடனே ஒரு தம்பி ஓடிவந்து, "அம்மா, இங்க ஃபேன் நல்லா வரும்ங்க" என்று இடம் மாற்றிக் கொடுத்தது. குழந்தைகளுக்குக் காரம் குறைத்துச் சின்னக் கிண்ணத்தில் தனியாகக் கொண்டு வந்தார்கள், கேட்காமலே. நிம்மதியாகப் பேசிக்கொண்டே சாப்பிட வேண்டுமென்றால் வார நாளில் போங்கள்.

பிரியாணி விஷயத்துக்கு வருகிறேன். கராச்சி பாணி என்கிறார்கள், அதாவது நீள பாஸ்மதி, உருளைக்கிழங்கு, அங்கங்கே ஆலுபுகாரா என்கிற புளிப்பான உலர்ந்த பிளம். சீரக சம்பாவும் தால்சாவும் என்று வளர்ந்த நாக்குக்கு, "பிரியாணியில் எதற்கு உருளைக்கிழங்கு?" என்றுதான் முதலில் தோன்றும். அது அவர்கள் ஊர் வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் அரிசியில் மசாலா இறங்கவில்லை, அதுதான் குறை. சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பருப்பும் பனீரும் உண்டு. பருப்பு பரவாயில்லை, பனீர் எந்த ஓட்டலிலும் கிடைக்கிற பனீர்.

நிஹாரி என்கிற கறிக்குழம்பு ஞாயிறு காலை மட்டும். ராத்திரி முழுக்கச் சிறுதீயில் வேக வைப்பதால் காலையில்தான் கிடைக்கும், அதுவும் தீரும்வரை. டெல்லியில் காலைச் சாப்பாடாக இருந்தது, 1947 பிரிவினையில் போனவர்களோடு கராச்சிக்குப் போய் அங்கே பெரிய பேர் வாங்கியது. இங்கே நல்லி எலும்போடு மட்டனில் செய்கிறார்கள். கோதுமை மாவு கரைத்து ஊற்றிய கெட்டிக் குழம்பு, மேலே குச்சி குச்சியாக இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை. நம் ஆட்டுக்கால் பாயா ஆட்களுக்குப் பிடிக்கும், ஆனால் அதைவிடக் கனம், சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம்.

கடைசியில் காஷ்மீரி சாய். பச்சைத் தேயிலையைச் சோடா உப்புப் போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்து, ஆற்றி ஆற்றி அடித்துப் பால் சேர்த்தால் இளஞ்சிவப்பாகிவிடும், மேலே பிஸ்தாத் தூள். என் மகள் ரோஸ் மில்க் என்று நினைத்து ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். 80 ரூபாய் அதற்கு அதிகம்தான்.

குடும்ப வாட்ஸப்பில் படம் போட்டதும் ஒரு சித்தப்பா, "பாகிஸ்தான் சாப்பாடா? வேற கடையே கிடைக்கலையா?" என்று கேட்டார். லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் நடுவில் சுமார் 50 கிலோமீட்டர்தான் சித்தப்பா, நம் ஊரிலிருந்து ஈரோடு போவதைவிடக் குறைவு, அடுப்பும் சட்டியும் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று பதில் போட்டேன். அடுத்த வாரமே குடும்பத்தோடு போய்விட்டு வந்து, மட்டன் கடாயில் எலும்பு அதிகம் என்று குறை சொன்னார்.

கார் நிறுத்த இடமில்லை, ரோட்டோரம்தான், டூவீலரில் போவது உத்தமம். கை கழுவுகிற இடத்தில் தரை எப்போதும் ஈரம், வயதானவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். ஞாயிறு என்றால் ஆறரைக்குப் போனால் உடனே இடம் கிடைக்கும், புரட்டாசியில் எந்நேரமும் கிடைக்கும். மட்டன் கடாய் வேண்டுமென்றால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், எட்டரைக்கு மேல் கேட்டால் "தீர்ந்துபோச்சுங்க" என்பார்கள்.