பெரிய வீல் போட்ட பிக்கப்பில் டயர் அழுத்தக் கண்காணிப்பு: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

பிக்கப் டிரக்குக்குப் பெரிய வீல் போட்டதும் எல்லோரும் முதலில் துரத்துவது டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் டயர் அழுத்த விளக்கைத்தான். அதை அணைப்பது பாதி வேலை. எந்த அழுத்தத்தில் அது எரிய வேண்டும் என்ற கணக்கு இன்னும் பழைய டயருக்கானதாகவே வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும். நாள்பட ஓட்டும்போது ஆபத்து அங்கேதான்.

கதவோரத்து ஸ்டிக்கரில் 35 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்றிருந்தால், அமெரிக்க விதிப்படி 25 சதவீதம் குறைந்ததும் விளக்கு எரியும். அதாவது சுமார் 26 பிஎஸ்ஐ. சாதாரண 265/70 ஆர்17 டயரைக் கழற்றி எல்டி வகை (லைட் டிரக், அதாவது பாரம் சுமக்கும் டயர்) 285/70 ஆர்17 போட்டால், பழைய டயர் சுமந்த பாரத்தைச் சுமக்க இதற்குப் பெரும்பாலும் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்பதை டயர் கம்பெனியின் சுமை அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, தினசரி அளவு அல்ல. 45 பிஎஸ்ஐ வேண்டிய டயர் 30க்கு இறங்கினாலும் விளக்கு எரியாது. பாரம் ஏற்றிய டயர் அந்த நிலையில் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, உள் அடுக்குகள் பிரியத் தொடங்கும்.

கனரக பிக்கப்பில் சிக்கல் தலைகீழ். பின் வீலுக்கு 80 பிஎஸ்ஐ என்று பதிந்திருக்க, வெறும் வண்டிக்காக 55 வைத்தால் விளக்கு ஓயாமல் எரியும். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கை யாரும் பார்ப்பதில்லை. நிஜமான பஞ்சர் அன்றைக்கும் அப்படித்தான்.

தீர்வு, அந்த வரம்பையே மாற்றுவது. பல ஃபோர்டு பிக்கப்களில் ஓபிடி அடாப்டரும் (வண்டியின் சோதனை சாக்கெட்டில் செருகுவது) ஃபோர்ஸ்கேன் மென்பொருளும் போதும். பழைய மதிப்பை எழுதி வைத்துவிட்டு மாற்றுங்கள். மாற்ற வழியில்லாத வண்டிக்கு, வரம்பை நாமே வைக்கக்கூடிய தனித் திரைக் கருவி நல்லது. ஆனால் வால்வு மூடி மாதிரித் திருகும் சென்சாரை ரப்பர் வால்வில் போடாதீர்கள். அதன் எடை சுழலும்போது வால்வை வளைத்து, அடிப்பகுதியில் வெடிப்பு விழும். உலோக வால்வுதான் சரி. அதிகக் காற்று வைக்கும் எல்டி டயருக்கு எப்படியும் அது நல்லது. சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான்.

வண்டியோடு வந்த, ரிம்முக்குள் வால்வோடு இணைந்திருக்கும் பழைய சென்சாரைப் புது ரிம்முக்கு மாற்றலாம். அதன் பேட்டரி சென்சார் உறைக்குள்ளேயே அடைபட்டது, ஆயுள் 5 முதல் 10 ஆண்டு. பாதி வயது தாண்டியிருந்தால் புதிதாகவே போடுங்கள், இல்லையேல் அதற்காகவே மறுபடி டயரைப் பிரிக்க வேண்டி வரும். அலைவரிசை பொருந்த வேண்டும்: 315 மெகாஹெர்ட்ஸ் வண்டி 433 சென்சாரைக் கேட்காது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் ரப்பர் வாஷர், நட்டு, வால்வு கோர் (வால்வுக்குள் காற்றை அடைக்கும் ஊசி), மூடி நான்கும் புதிதாகப் போட வேண்டும். அலுமினிய வால்வுக்கு நிக்கல் பூசிய கோர். வெறும் பித்தளைக் கோர் அரித்து ஒட்டிக்கொள்ளும். டயர் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும் கருவி வால்வுப் பக்கம் போகக்கூடாது, சென்சார் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு நிலையாக எரிந்தால் சென்சார் பேசவில்லை என்று பொருள். நேராக எரிந்தால் காற்றுக் குறைவு. விடியற்குளிரில் எரிந்து வெயிலில் அணைவது பழுதல்ல: 5.6 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ மாறும். அளப்பது எப்போதும் டயர் ஆறிய பின்.

டயருக்குள் சென்சார் இல்லாமல், ஏபிஎஸ் பிரேக்கின் வீல் வேகத்தை வைத்துக் கணிக்கும் மறைமுக வகைக்கு ரீசெட் போதும். 285க்கு மாறினால் சுற்றளவு 3.5 சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டரையும் சரிசெய்யுங்கள். 100 காட்டும்போது 103.5 ஓடுகிறது.

டயரை இடம் மாற்றிய பின் ரீலேர்ன் (எந்த சென்சார் எந்த வீலில் என்று வண்டிக்குப் பழக்குவது) செய்யாவிட்டால் திரையில் இடம் தவறும். ஃபோர்டு, ஜிஎம் வண்டிகளில் வரிசை: முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது. முடிந்ததும் ஒரு வீலில் மட்டும் 5 பிஎஸ்ஐ இறக்கி, சிறிது தூரம் ஓட்டி, திரையில் அதே வீல்தான் குறைகிறதா என்று பாருங்கள். பிறகு காற்றை நிரப்பிக்கொள்ளலாம்.