காத்மாண்டுவில் தங்க: நேபாளிக் குடும்பமா, தமேல் அறையா?

செலவு: குடும்பத்தோடு என்றால் வாடகையிலேயே சாப்பாடும் பெரும்பாலும் அடங்கிவிடும். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தமேல் பகுதியில் அறை மலிவாகக் கிடைத்தாலும் ஓட்டல் பில் பர்ஸைக் காலி செய்துவிடும்.

சாப்பாடு: வீட்டில் காலை பத்து மணிவாக்கில் ஒரு தால்பாத் (பருப்பும் சோறும்), இரவில் இன்னொன்று, போதும் என்று கையை மறித்தாலும் ‘ஆமா’ (வீட்டு அம்மா) இன்னொரு கரண்டி சோறு வைப்பார், ஆனால் எச்சில் கை பொதுப் பாத்திரத்தில் பட்டால் முகம் மாறிவிடும். தமேலில் மோமோவோ பீட்சாவோ, நம் இஷ்டம்.

தனிமை: வீட்டில் அதை மறந்துவிடுங்கள். கதவைச் சாத்தினால் உடம்புக்கு என்ன என்று வந்து நிற்பார்கள். தமேலில் தாராளம், சத்தமும் தாராளம்.

நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் சமயத்தில் கடைகள் பலவும் மூடிவிடும். வீட்டில் இருந்தால் நெற்றியில் டீகா என்ற அரிசிப் பொட்டு, காதோரம் ஜமரா என்ற பார்லி முளை, வயிறு நிறைய ஆட்டுக்கறி.

மொழி கற்க, மாதக்கணக்கில் தங்க வீடுதான். மலையேற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு ராத்திரி என்றால் தமேல் போதும்.